ஆடி மாதமும் ஒரு கார் பாலிசியும்

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. இன்சூரன்ஸ் டீச்சர். யாராவது புதிதாக ஒரு ஸ்கூட்டி வாங்கி இனிப்பு கொடுத்தால் போதும், இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே "பாலிசி எங்கே, காட்டுங்க பார்ப்போம்" என்று கை நீட்டிவிடுவேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பேன். பொடி எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் வாசிப்பேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இத்தனைக்கும் நான் இன்சூரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எரிந்து விழுந்தவள்தான். இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். யாராவது என்னிடம் வந்து கணக்கு பேசினால் எனக்குப் பிடிக்காது. அதிலும் வேலை வெட்டி இல்லாமல் பயம் காட்டி விற்கிறார்கள் என்று தோன்றிவிட்டால் என் வாய் சும்மா இருக்காது. என் வீட்டுக்காரர் இதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார். "பாவம்" என்பார். என்னைச் சொல்ல மாட்டார், எதிரில் நிற்பவரைச் சொல்வார்.

நான் இருப்பது திண்டுக்கல் டவுனில். பள்ளிக்கூடம் ரெட்டியார்சத்திரம் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில். பல வருடங்கள் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்து முட்டி தேய்ந்துபோனது. நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவர் இரண்டு முறை வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னார், ஆனாலும் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். அடுத்து கார் வேண்டுமே. பள்ளிக்குப் போகிற வழியில், ரோட்டை ஒட்டித் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு விவசாயி தன் காரை விற்கப்போவதாகத் தெரிந்தது. பத்து வருடம் ஓடிய வெள்ளைக் கார். அவர் அதில் தேங்காய் ஏற்றியதே இல்லை என்று சத்தியம் செய்தார். பின் சீட்டுக்கு அடியில் கையைவிட்டால் தேங்காய் நார் வந்தது. சிரித்துவிட்டார். எனக்கு ஆளைப் பிடித்துப்போனது, காரையும்தான்.

பணம் முழுவதையும் கொடுத்தாயிற்று. ஆனி மாதம் கடைசி நாள் சாயங்காலம் சாவியைக் கையில் கொடுத்தார். பெயர் மாற்றுவதற்கான ஃபாரங்களை நீட்டினேன். தொடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"விடிஞ்சா ஆடி டீச்சர். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நாளைக்குத்தானே போவீங்க? ஆடியில என் கையெழுத்து எங்கயும் போகக் கூடாது. ஆவணி பிறக்கட்டும், மொத முகூர்த்தத்துல போட்டுத் தாரேன்."

நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களுக்கு ஆடியும் கிடையாது, ராகு காலமும் கிடையாது. அதனால் அவரைக் கிண்டல் செய்யலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் நான் என்ன ஒழுங்கு? ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளன்று காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கிய பிறகுதான் என் பெயருக்கு மாற்றுவது என்று நானும் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆவணி அதற்கு ஒன்றிரண்டு நாள் தள்ளித்தான் பிறக்கும். அவருக்கு ஆவணி, எனக்கு மாதா. இரண்டு பேரும் ஒத்துப்போனோம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் இந்த மாதிரி விஷயங்களில் மதம் குறுக்கே வருவதே இல்லை.

மறுநாளே பள்ளிக்குக் காரில் போனேன். டவுனிலிருந்து வரும் சக ஆசிரியைகள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டேன். தோப்பைத் தாண்டும்போது அவர் மோட்டார் ரூம் வாசலில் நின்று கையை உயர்த்துவார். நான் ஹாரன் அடிப்பேன். அரசியாட்டம் இருந்தது எனக்கு.

அந்த வாரமே மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்துவிட்டார். தாடிக்கொம்புப் பக்கத்துப் பெண். என்னைவிட நான்கைந்து வயது குறைவு இருக்கும். எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வண்டிகளுக்கு எல்லாம் அவர்தான் பாலிசி போடுவார். தோப்புக்காரருக்கும் அவர்தான் போட்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"டீச்சர், செத்த நேரம் பேசலாமா?" என்றார்.

"சாப்பிட்டுட்டு இருக்கேன்ல?" என்றேன்.

"சாப்பிடுங்க, நான் பேசுறேன்" என்று எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னது இதுதான். கார் கைமாறினால் பதினான்கு நாளைக்குள் இன்சூரன்ஸையும் வாங்கியவர் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். மாற்றாவிட்டால், நான் யார் மீதாவது இடித்தால் அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கும், அது வண்டியோடேயே வரும். ஆனால் என் காருக்கு ஆகும் சேதத்துக்கு ஒரு பைசா வராது. இதைவிட அவசரம் ஒன்று இருந்தது. தோப்புக்காரர் போட்டிருந்த பாலிசியே ஆடி நடுவில் முடிகிறது. அதற்குப் பிறகு பாலிசி இல்லாமல் காரை ரோட்டில் இறக்கவே கூடாது, அதுதான் சட்டம்.

"சட்டத்துக்கு என்ன வேணும்? குறைஞ்சபட்சம் எதுவோ அது போதும் எனக்கு" என்றேன்.

"தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டாப் போதும் டீச்சர். சட்டம் அம்புட்டுதான் கேக்குது. ஆனா அதுல உங்க வண்டிக்கு வராது. உங்களுக்கும் தனியா ஆக்சிடென்ட் கவர் சேர்த்துப் போடணும். இன்னொண்ணு, வண்டிக்குள்ள உக்காந்து வர்ற இந்த மூணு டீச்சருக்கும் அதுல ஒண்ணும் கிடையாது. ஃபுல் இன்சூரன்ஸா எடுத்தா அவங்களும் உள்ள வந்துருவாங்க."

மூன்று டீச்சர்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. என் காரில் ஓசியில் வருகிறவர்கள் முன்னால் வைத்து என்னை இக்கட்டில் மாட்டிவிடுகிறாளே என்று நினைத்தேன்.

"ஆவணியில என் பேருக்கு மாத்தினதும் எல்லாத்தையும் புதுசாப் போட்டுக்கிறேன். அடுத்தவர் பேர்ல இருக்குற பாலிசிக்கு நான் ஏன் பணம் கட்டணும்? நடுவுல மூணு வாரம். மூணு வாரத்துல என்ன குடி முழுகிப்போகுது? போலீஸ் பிடிச்சா அபராதம் கட்டிட்டுப் போறேன்."

அவர் கோபப்படவில்லை. கொண்டுவந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"அது போலீஸுக்குக் காட்டுறதுக்கு இல்ல டீச்சர். எதுத்தாப்ல வர்றவருக்காகத்தான் சட்டம் அதக் கேக்குது."

அழகாகத்தான் பேசுகிறாள், கமிஷன் இருக்கிறதல்லவா என்று அவர் போனபிறகு நானே சொல்லிச் சிரித்தேன். மற்றவர்கள் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவர் விடவில்லை. காலையில் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன். "டீச்சர், இன்னும் நாலு நாள்தான் இருக்கு." "டீச்சர், ரெண்டு நாள்தான்." ஏழாவது தடவை போன் அடித்தபோது நான் பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் அந்த எண்ணை பிளாக் செய்தேன். மறுநாள் அவரே நேரில் வந்தார். நான் சயன்ஸ் லேபுக்குள் புகுந்துகொண்டு, லீவு என்று சொல்லச் சொன்னேன். பிள்ளைகள் பொய் சொன்னால் முட்டி போடவைக்கும் டீச்சர் நான்.

பாலிசி முடியும் நாளும் வந்தது, போனது. எனக்கு நன்றாகத் தெரியும். டேஷ்போர்டில் கிடந்த காகிதத்தை எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் காரை எடுத்தேன். மறந்துவிட்டேன் என்று பல பேரிடம் பின்னால் சொன்னேன், அது உண்மை இல்லை. தினமும் இருபது கிலோமீட்டர் போக, இருபது கிலோமீட்டர் வர, மூன்று வாரம், அதற்குள் ஏதாவது நடக்க எத்தனை வாய்ப்பு என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். மிகச் சின்ன எண்தான் வந்தது. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

நான்காவது நாள் காலை. ஆடிக் காற்று என்றால் எங்கள் பக்கத்தில் சும்மா இல்லை. புழுதியை வாரி முகத்தில் அடிக்கும், தலையில் துண்டு நிற்காது. ரெட்டியார்சத்திரத்தை நெருங்கும்போது ரோட்டோரத் தென்னையிலிருந்து ஒரு மட்டை காருக்கு நேர் முன்னால் வந்து விழுந்தது. பிரேக் மிதித்திருக்கலாம். கண்ணாடியைப் பார்த்திருக்கலாம். நான் பதறிப்போய் வலது பக்கம் ஒடித்துவிட்டேன். அந்த நேரத்தில் வலது பக்கம் ஒரு மொபட் என்னைத் தாண்டிக்கொண்டிருந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. கார் சாலையைத் தாண்டிப் போய் ஒரு மைல்கல்லில் முட்டி நின்றது. எங்களுக்குச் சிராய்ப்புதான். இறங்கி ஓடினேன். நாற்பது வயது மதிக்கத்தக்கவர், விடியற்காலையில் டவுன் பூ மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். வெறும் சாக்குகள் காற்றில் பறந்து வயலுக்குள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு கோழிக்கொண்டைப் பூ ரோட்டில் கிடந்தது. அவருடைய வலது கால் இருக்கக் கூடாத மாதிரி மடங்கியிருந்தது. நினைவு இருந்தது. "என் சாக்க எடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சக ஆசிரியைகளைக் காருக்குக் காவலாக விட்டுவிட்டு ஆம்புலன்ஸில் நானே அவரோடு ஏறிக்கொண்டேன். கையில் ஆர்.சி. புக்கும் காலாவதியான அந்தப் பாலிசியும் இருந்தன. வழியெல்லாம் ஜெபம் சொன்னேன். என்ன கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஒரு பாதி கேட்டேன். மறு பாதியில் எனக்காகக் கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்து கம்பி வைக்க வேண்டும், எழுந்து நடக்க ஆறு மாதமாவது ஆகும் என்றார் டாக்டர். ஆறு மாதம் என்றால் பூக்காட்டுக்காரருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். பூ பறிக்காமல் ஒரு நாள் விட்டால் மறுநாள் அது குப்பை.

அவருடைய மனைவி வந்து சேர்ந்தார். பூக்காட்டிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறார், புடவைக்கு மேல் புருஷனின் பழைய சட்டை, விரல்களில் பூச்சாறு. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கூட வந்தவர் யாரோ என்னைக் காட்டினார்கள். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா?"

அவ்வளவுதான் கேட்டார். நான் காகிதத்தை மடித்துப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க கொழுந்தன ஒரு வண்டி அடிச்சுச்சு. அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்ல. அடிச்சவரு தாரேன் தாரேன்னு சொன்னாரு. ரெண்டு வருசம் கோர்ட்டுக்கு அலைஞ்சோம், ஆளு ஊர விட்டே போயிட்டாரு. அதான் கேக்குறேன்" என்றார் தரையைப் பார்த்தபடி.

"பார்த்துச் சொல்றேன்மா" என்றேன். எதைப் பார்ப்பது? தேதி என் கையிலேயே இருந்தது. வராந்தாவின் கடைசியில் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டேன்.

அங்கே நின்றபோதுதான் அந்தத் தேர்ட் பார்ட்டி என்ற சொல் எனக்குப் புரிந்தது. அதுவரை அது எனக்கு ஒரு காகிதத்தின் பெயர். பாலிசி வாங்குகிறவர் ஒருவர், விற்கும் கம்பெனி ஒன்று, மூன்றாவது ஆள் அந்தப் பேச்சிலேயே இல்லாதவர், எதிலும் கையெழுத்துப் போடாதவர், சாக்கை எடுங்க என்று சொன்னவர். அவருக்காகத்தான் சட்டம் என்னிடம் கண்டிப்பாகக் கேட்டிருக்கிறது. என் காரில் கீறல் விழுந்தால் அது என் பாடு, அதற்குக் கவர் வாங்குவதும் வாங்காததும் என் இஷ்டம். இவருடைய காலை வைத்துச் சூதாடுவதற்கு எனக்கு இஷ்டம் கொடுக்கவில்லை சட்டம். நான்தான் நானாக எடுத்துக்கொண்டேன்.

போலீஸ் ஏட்டு வந்தார். லைசென்ஸைப் பார்த்தார். ஆர்.சி. புக்கில் இருந்த பெயர் தோப்புக்காரருடையது.

"வண்டி ஓனர் யாரும்மா?" என்றார்.

"நான்தான். ஆனா அவர் பேர்ல இருக்கு."

"பேரு அவருதுன்னா ஓனரும் அவர்தான். கோர்ட்டு நோட்டீஸ் மொதல்ல அவருக்குத்தான் போகும்" என்றபடி தோப்புக்காரருக்கு போன் போட்டார்.

ஆடியில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்ன ஒரு பாவத்துக்கு அந்த மனிதரின் தோப்பே கோர்ட்டில் போகிற நிலைக்கு நான் இழுத்துவிட்டேனே என்று நினைத்தேன். இன்சூரன்ஸ் பேப்பர் எங்கே என்று ஏட்டு கேட்டார். நீட்டினேன். தேதியைப் பார்த்தார். இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். ஃபெயிலான பிள்ளைகளின் பரீட்சைத் தாளை அப்படித்தான் நான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. தோப்புக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டியபடி வராந்தாவில் வேகமாக வந்தார். அவர் காலில் விழுந்துவிடலாமா என்று நான் யோசிப்பதற்குள் மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார்.

"டீச்சர், உங்களுக்கு அடி ஒண்ணும் இல்லையே? இந்தாங்க, ஏஜென்ட்டம்மா கொடுத்தது. அவுக போன்ல அனுப்பினது வந்திருக்குமே உங்களுக்கு?"

புதுப் பாலிசி. பழையது முடிந்த நாளுக்கு மறுநாளிலிருந்து ஒரு வருடத்துக்கு. அவர் பெயரிலேயே புதுப்பித்திருந்தார். தேதியை நான் மூன்று முறை வாசித்தேன். எண்கள் மாறிவிடப்போவதுபோல விரலை வைத்து அழுத்திக்கொண்டு வாசித்தேன்.

நடந்ததை அவர் பிறகு சொன்னார். என்னைப் பார்க்க முடியாமல் போன அந்த ஏஜென்ட் பெண் நேராகத் தோப்புக்குப் போயிருக்கிறார். இவர் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆடியில் புதிதாக எதையும் தொடங்கமாட்டேன் என்றிருக்கிறார்.

"அந்தம்மா என்னைக் கேட்டுச்சு டீச்சர். 'ஆடியில தென்னைக்குத் தண்ணி கட்டாமயா விட்டுட்டீங்க? இது தொடங்குறது இல்லைங்கய்யா, ஓடுறது நிக்காமப் பாத்துக்குறது'ன்னுச்சு. சரின்னுட்டேன். கையெழுத்தும் இல்ல, போன்ல வந்த நம்பரத்தான் படிச்சுச் சொன்னேன். வேலை முடிஞ்சுபோச்சு."

"நீங்க ஏன் கட்டுனீங்க? வண்டியத்தான் எனக்கு வித்துட்டீங்களே?" என்றேன்.

"வித்துட்டேன். பேரு என்னுதுல்ல? என் பேர்ல ஓடுற வண்டி ரோட்டுல யாரையாச்சும் அனாதையா விட்டுட்டுப் போயிரக் கூடாதுல்ல?" என்றார். பிறகு ஏதோ தப்பு செய்தவர்போலத் தயங்கிச் சொன்னார். "தேர்ட் பார்ட்டி மட்டுமா, ஃபுல்லாவான்னு கேட்டுச்சு. தெனம் காலையில தோப்பத் தாண்டி நாலு பேரு சிரிச்சுக்கிட்டுப் போறீங்க. அதப் பாத்துட்டு எப்படிக் கொறைச்சுப் போடச் சொல்றது? ஃபுல்லாவே போட்டேன்."

எனக்குத் தெரிந்த கணக்கு எதிலும் இந்த மனிதரை அடக்க முடியாது. நன்றி என்று கை கூப்பினேன். அவர் அதைப் பார்க்காததுபோல ஏட்டிடம் பேசப் போய்விட்டார்.

ஏஜென்ட் பெண்ணும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லவைத்தார், எந்தக் காகிதத்தின் நகல் போலீஸுக்கு, எது மருத்துவமனைக்கு என்று பிரித்துக் கொடுத்தார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை, ஒரு பார்வைகூட இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"உங்க நம்பரை நான் பிளாக் பண்ணியிருந்தேன்" என்றேன்.

"தெரியும் டீச்சர். என்னைய பிளாக் பண்ணுனவங்கள எல்லாம் வரிசையா நிறுத்துனா பஸ் ஸ்டாண்டு கொள்ளாது" என்று சொல்லிவிட்டு, அடுத்த காகிதத்தில் எங்கே கையெழுத்து என்று காட்டினார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தவறு என்னுடையது என்று ஒத்துக்கொண்டேன், கேஸ் நடந்தது, அபராதமும் கட்டினேன். இழப்பீட்டுக் கேஸ் தீர்ப்பாயத்துக்குப் போய், மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்து, கம்பெனி அந்தப் பூக்காட்டுக்காரருக்கு இழப்பீடு கொடுத்தது. அவர் எழுந்து நடக்கிறார், கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். பூ பறித்துக் கட்டுகிறார், மார்க்கெட்டுக்கு மட்டும் மனைவிதான் வண்டி ஓட்டிப் போகிறார். என் காரின் முன்பக்கத்தை நான் என் செலவில் சரிசெய்தேன். விற்ற காருக்குப் பழைய சொந்தக்காரர் பெயரில் சேதம் கேட்டு வாங்குவது நியாயம் இல்லை என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார், நானும் கேட்கவில்லை. ஆவணியில் தோப்புக்காரர் முகூர்த்தம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஃபுல் இன்சூரன்ஸையும் எனக்கான விபத்து கவரையும் உடனே என் பெயருக்கு எடுத்துக்கொண்டேன். பத்து வருட வண்டிக்குத் தேவையில்லாத கூடுதல் கவர்களை வேண்டாம் என்றேன், அதை மட்டும் இன்றைக்கும் பேரம் பேசுவேன். மற்றபடி ஒவ்வொரு வருடமும் பாலிசி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே நானே ஏஜென்ட்டுக்கு போன் செய்கிறேன். "டீச்சர், நாள் இருக்கு டீச்சர்" என்று இப்போது அவர் என்னிடமிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்.

ஆனால் அந்த நாள் என்றால் எனக்கு நினைவில் நிற்பது கேஸும் இல்லை, காரும் இல்லை.

தோப்புக்காரரிடமிருந்து வாங்கிய காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக அந்தப் பெஞ்சுக்குத்தான் போனேன். பூக்காட்டுக்காரரின் மனைவி அப்படியே உட்கார்ந்திருந்தார். "இருக்கும்மா. இன்சூரன்ஸ் இருக்கு" என்று நீட்டினேன். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, மேலிருந்து கீழே பார்த்தார்.

"இன்னைக்குத் தேதி இதுக்குள்ள வருதா?"

"வருதும்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அவர் முன்னால் குனிந்து, தொடக்கத் தேதியையும் முடியும் தேதியையும் விரல் வைத்துக் காட்டினேன். மாதங்களைச் சத்தமாக எண்ணினேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எண்ணிக் காட்டுவதுபோல எண்ணினேன். அந்தக் காகிதம் அங்கே இருந்ததற்கு நான் எந்த விதத்திலும் காரணம் இல்லை. அது இல்லாமல் போவதற்குத்தான் என்னால் முடிந்ததை எல்லாம் செய்திருந்தேன். அதை அந்த அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். ஏஜென்ட்டை விரட்டியதையும், தேதி முடிந்தது தெரிந்தே காரை எடுத்ததையும், பாலிசியைக் கட்டியது நான் இல்லை என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டார். காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு தலையைத் தூக்கி அன்றைக்கு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த தன் துணிப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"வந்ததுல இருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க டீச்சர். உக்காருங்க" என்றார்.